உறவும் நெருக்கமும் பாலியலும்: யாழ்ப்பாணத்தில் யாரிடம் போய்க் கதைப்பது?

யாழ்ப்பாணத்தில் மனம்விட்டுக் கதைக்கப் போவதற்கு இடமில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடங்கள் இருக்கின்றன. பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சாந்திகம் போன்ற உளவளத்துணை நிறுவனங்கள் இருக்கின்றன. பின்னேரத்தில் சனல் பண்ணிக் (தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து) காணக்கூடிய உளமருத்துவர்கள் இருக்கிறார்கள். கையில் போன் இருந்தால் கொழும்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோவில் இருக்கிறவர்களோடும் கதைக்கலாம். ஆனால் கதைக்க வேண்டியது படுக்கையறை விஷயமாகவோ, கணவன் மனைவிக்குள் அற்றுப்போன நெருக்கமாகவோ, தன்பால் ஈர்ப்பாகவோ, தன் பாலினம் பற்றியதாகவோ இருந்தால், இவற்றில் எது தனக்குப் பொருந்தும் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. சொந்தக்காரரிடம் கேட்க முடியாது. சிநேகிதரிடம் கேட்டால் தங்களுக்குச் சரிவந்த ஒருவரைச் சொல்வார்கள். அவர்களுடைய பிரச்சினை பரீட்சைப் பயமாக இருந்திருக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு சம்பந்தப்பட்டது என்று கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குத்தான் முதலில் போக வேண்டும். பாலீர்ப்பு, பாலினம், சோடிக்குள் விழுந்த விரிசல் என்றால், ஊருக்கு வெளியே இருக்கிற, பாலியல் விஷயங்களில் பயிற்சி பெற்ற, தமிழில் கதைக்கிற ஒருவரை ஒன்லைனில் தேடிப் பிடிப்பது நல்லது. அடியும் மிரட்டலும் இருக்கிற வீடென்றால் இந்த இரண்டுக்கும் முன்னர் போக வேண்டிய இடம் வேறு. இப்படிச் சொல்வதற்கான காரணங்களைக் கீழே எழுதுகிறேன். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது?

வழக்கமாகப் பட்டம், கட்டணம், தூரம் மூன்றையும் பார்ப்போம். இந்த விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது இரகசியம். குடாநாடு சின்ன இடம். "பிள்ளை எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்டால் அடுத்த கேள்வி "ஆற்றை பிள்ளை?" என்றுதான் வரும். உளவளத்துணையாளர் எவ்வளவு வாய் இறுக்கமானவராக இருந்தாலும், வாசலில் பெயர் எழுதுகிறவருக்கும், வாங்கில் பக்கத்தில் இருக்கிற அம்மாவின் பழைய பள்ளித் தோழிக்கும் எந்தத் தொழில் நெறியும் இல்லை. ஒரு பெண் பாலியல் விஷயமாக உதவி தேடினாள் என்ற கதை, அவளுடைய தங்கையின் சம்பந்தப் பேச்சு வரைக்கும் போய்க் குழப்பும். அதனால் "கூச்சத்தை விட்டுவிட்டுப் போங்கோ" என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. இங்கே பயப்படக் காரணம் இருக்கிறது. அந்தப் பயத்தையும் கணக்கில் எடுத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது பயிற்சி. இலங்கையில் வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கும் அங்கே பதிவு உண்டு. ஆனால் உளவளத்துணையாளர் என்று பலகை போடுவதற்குச் சட்டப்படியான உரிமம் எதுவும் தேவைப்படுவதில்லை. சில மாத டிப்ளோமா முடித்தவரும், பல வருடங்கள் மேற்பார்வையின் கீழ் வேலை செய்தவரும் ஒரே பெயரைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குள்ளும் பாலியல் சிகிச்சை தனிப் பயிற்சி தேவைப்படுகிற துறை. எல்லா உளவளத்துணையாளரும் அதைப் படித்திருப்பதில்லை.

பாலியல் சிகிச்சை என்றால் என்ன நடக்கும் என்று தெரியாமலேயே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1970இல் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் தங்கள் சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்த ஒரு பயிற்சி இன்றைக்கும் உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிறது. உடலுறவைச் சில கிழமைகளுக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் சோடி தங்கள் அறையில், எந்த இலக்கும் இல்லாமல், கையைத் தொடுவது, முதுகைத் தடவுவது என்று மெதுவாகத் தொடங்கி, எது இதமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பழக வேண்டும். "இன்றைக்குச் சரிவருமா?" என்ற பதற்றம் அப்போது தணியும். இந்தப் பயிற்சி வீட்டில் நடப்பது. சிகிச்சை அறையில் நடப்பது முழுக்கக் கதைத்தல்தான். சிகிச்சையாளர் உங்களைத் தொடமாட்டார், உடுப்புக் களையச் சொல்லமாட்டார். யாராவது அப்படிச் செய்தால் அது சிகிச்சை இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். உடலைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் அதை வைத்தியர் செய்வார். உங்கள் சம்மதம் கேட்பார், தாதி ஒருவரையோ நீங்கள் நம்பும் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள நீங்கள் கேட்கலாம்.

மூன்றாவது மனப்பாங்கு. தன்பால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த, அந்தப் பட்டியலின் 11ஆவது பதிப்பு, பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாத நிலையையும் உளநோய்களின் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்தது. ஆகவே "ஆறு மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தப் பட்டத்தை மாட்டியிருந்தாலும், இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறார். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் விளக்கம் போதாது என்று சொல்லி, தீர்ப்பெழுத முன்னர் தானே ஒரு உளவியலாளரிடம் போய் இருந்து கற்றுக்கொண்டார். பிறகு, ஈர்ப்பை மாற்றுகிறோம் என்று செய்யப்படும் "சிகிச்சை"களைத் தடுக்க உத்தரவிட்டார். ஒரு நீதிபதி செய்ததை, உங்களிடம் காசு வாங்கும் உளவளத்துணையாளரிடம் எதிர்பார்க்க உங்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிய பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், தன்பால் உடலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. 1995 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவது பிரிவு பெண்களையும் உள்ளடக்குகிறது. அவற்றை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நிறைவேறாமலே அந்தப் பாராளுமன்றம் கலைந்தது. இந்தப் பிரிவுகள் குற்றமாக்குவது செயலை. தன் ஈர்ப்பைப் பற்றி ஒரு வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ கதைப்பது குற்றமில்லை.

பெரியாஸ்பத்திரியும் மற்ற அரசாங்கக் கிளினிக்குகளும்

காசு இல்லாமல் நல்ல சிகிச்சை கிடைக்கும் இடம் இது. பாலியல் பிரச்சினை என்று வருவதில் கணிசமானது உடம்பில் தொடங்கி மனதுக்குப் போவது, அல்லது இரண்டிலும் சேர்ந்து இருப்பது. விறைப்பு வராமல் போவதை ஆண்கள் தங்கள் ஆண்மையோடு முடிச்சுப்போட்டு ஒளித்துவைக்கிறார்கள். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அதற்கு முக்கியக் காரணங்கள். இருதய நோயின் முன்னறிகுறியாகக்கூட அது வரலாம், ஏனென்றால் ஆணுறுப்புக்குப் போகும் நாளங்கள் இருதய நாளங்களை விடச் சிறியவை, அடைப்பு அங்கே முதலில் தெரியும். 45 வயதில் ஒருவர் வெட்கத்தில் பத்திரிகை விளம்பர லேகியத்தை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் போவது காசு மட்டுமில்லை, சீனியும் இருதயமும் பார்க்கப்படாமல் காலம் போகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தாமதப்படுத்தும். அதை வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றலாம். சொல்லாமல் தானாக நிறுத்தினால் சோர்வு திரும்பி வரும்.

பெண்களின் பக்கத்தில் இதைவிட மௌனம். கலியாணமாகிப் பல மாதங்களாகியும் உடலுறவு முடியவில்லை, முயன்றால் யோனித் தசை தானாக இறுகி வலிக்கிறது என்றால், அது பிடிவாதமோ "விருப்பமில்லாத கலியாணமோ" ஆக இருக்க வேண்டியதில்லை. யோனி இறுக்கம் என்பது நன்றாகத் தெரிந்த, நன்றாகக் குணமாகக்கூடிய நிலை. பெண்நோயியல் வைத்தியர் தொற்றோ கட்டியோ இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு, தசையைத் தளர்த்தும் பயிற்சியும் படிப்படியான பழக்கமும் கதைத்தலும் சேர்ந்து வேலை செய்யும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கும் எளிதான வைத்தியம் இருக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு எந்தக் கேள்வியும் எழாமல் போய்வரலாம். அங்கே போகிறவர்கள் பரிசோதனைக்குப் போகிறார்கள் என்றுதான் எல்லாரும் எடுப்பார்கள். கதையைத் தொடங்க அந்த மறைப்பு மிகவும் உதவும். புதிதாகக் கலியாணம் செய்தவர்களுக்குக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் வீட்டுக்கே வருவார். பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக இந்த விஷயம் கதைக்கக் கிடைக்கும் ஆள் அவர்தான்.

பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தைப் பற்றி ஊரில் இருக்கும் பெயர் நியாயமற்றது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரகசியம் காப்பதில் மற்றப் பிரிவுகளை விட அங்கே வேலை செய்பவர்கள் பழகியவர்கள், ஏனென்றால் அவர்களுடைய வேலையே அதில்தான் நிற்கிறது. ஆணோடு உறவு வைத்திருக்கும் ஆண் ஒருவர் தன் உடம்பைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டியிருந்தால், பொது வைத்தியரை விட அங்கே சொல்வது இலகு.

உளமருத்துவப் பிரிவின் பலம் மருந்தும் நோயறிதலும். மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் உறவுப் பிரச்சினையோடு கலந்திருந்தால் வேறு எங்கும் சுற்றத் தேவையில்லை, அங்கே போங்கள். திருநங்கை, திருநம்பி ஒருவருக்கு அது தவிர்க்க முடியாத இடமும்கூட: 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு உளமருத்துவ நிபுணரின் மதிப்பீடு தேவை. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பிறப்புப் பதிவில் பாலினத்தை மாற்றலாம். பலவீனம் நேரம். கிளினிக் நாளில் சனம் நிறைந்திருக்கும், ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். சோடியாக இருவரையும் இருத்தி ஒரு மணித்தியாலம் கதைக்க அங்கே அவகாசமில்லை. அதே நிபுணரைத் தனியாரில் சனல் பண்ணினாலும் கிடைக்கும் நேரம் பெரிதாக அதிகரிக்காது, வாங்கில் காத்திருக்கும் ஆக்கள் மட்டும் மாறுவார்கள்.

ஊரில் இருக்கும் உளவளத்துணை

யாழ்ப்பாணத்துக்கு இந்தத் துறையில் பெருமைப்படக்கூடிய ஒரு மரபு இருக்கிறது. யுத்தத்தின் நடுவில், மருந்தும் மின்சாரமும் இல்லாத காலத்தில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் இங்கேயே இருந்து உளநலப் பணியைக் கட்டி எழுப்பினார்கள். மனவடுவைத் தமிழில் விளக்கி எழுதினார்கள், ஆசிரியர்களையும் ஊர்மட்டப் பணியாளர்களையும் பயிற்றினார்கள். வைத்தியர் சா. சிவயோகன் போன்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். சாந்திகம் அந்தக் காலத்திலிருந்தே உளவளத்துணையையும் பயிற்சியையும் செய்துவந்த நிறுவனம். 1995 இடப்பெயர்வும் 2009உம் காணாமற்போன கணவரும் ஒரு பெண்ணின் படுக்கையறையில் எப்படி வந்து நிற்கும் என்பதை இந்த மரபில் வளர்ந்த ஒருவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்கு முதல் இரண்டு சந்திப்புகள் அதற்கே போய்விடும். கணவர் காணாமற்போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு இன்னொருவர்மேல் விருப்பம் வந்து, அதைக் குற்றமாக நினைத்து வதங்கும் பெண்ணை நான் தயங்காமல் உள்ளூரில் அனுபவமுள்ள ஒருவரிடமே போகச் சொல்வேன்.

ஆனால் இந்த மரபு துயரத்தோடும் பயத்தோடும் வேலை செய்து வளர்ந்தது. பாலியல் அதில் ஓரத்தில்தான் இருந்தது. அதனால் நல்ல மனமுள்ள, நன்றாகக் காது கொடுக்கிற உளவளத்துணையாளர்கூட, கதை படுக்கைக்கு வந்ததும் மெதுவாகப் பேச்சை மாற்றுவதுண்டு. தனக்குப் பெண்ணில்தான் விருப்பம் என்று ஒரு பெண் சொன்னால், "ஒரு கலியாணம் நடந்தால் சரியாகிவிடும்" என்ற பதில் அன்போடேயே வரலாம். அன்போடு வருவதால்தான் அது ஆழமாகக் காயப்படுத்தும்.

பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர்களிடம் கட்டணமில்லை, வீட்டுக்கும் வருவார்கள். குடிப்பழக்கம், பிள்ளைகளின் படிப்பு, மாமியார் மருமகள் பிணக்கு என்றால் நல்ல உதவி. இரகசியம் தேவைப்படும் விஷயத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களில் குறை இருக்கிறது என்று இதைச் சொல்லவில்லை. கிராம சேவையாளர், சமுர்த்தி உத்தியோகத்தர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது, நீங்கள் எந்த மேசைக்குப் போகிறீர்கள் என்பதே செய்தியாகிவிடும். பல்கலைக்கழக மாணவருக்கும் இதே சிக்கல். மாணவர் ஆலோசகர் பெரும்பாலும் விரிவுரையாளர்தான். நாளைக்கு உங்கள் விடைத்தாளைத் திருத்தப் போகிறவரிடம் உங்கள் காதலனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கத்தோலிக்கச் சோடிகள் கலியாணத்துக்கு முன் பங்கில் நடக்கும் ஆயத்த வகுப்புக்குப் போவார்கள். அங்கே கணவன் மனைவி கதைத்துப் பழகுவது பற்றி நல்ல விஷயங்கள் வரும். குடும்பத்துக்குள் மன்னிப்பு, சமரசம் என்று வரும்போது பாதரோ போதகரோ உதவலாம். பாலீர்ப்பு விஷயத்துக்கு அந்த வாசல் வேண்டாம். செபத்தாலோ பரிகாரத்தாலோ "மாற்ற" முயன்ற பிறகு உடைந்துபோய் வருகிறவரைத் தேற்றுவது மிகக் கடினமான வேலை. கோயிலில் வெட்டும் கழிப்பும் செய்விக்கிற வீட்டாருக்கும் இதையே சொல்வேன்.

அடி இருக்கிற வீடு

இங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை. அடி, பூட்டிவைத்தல், விருப்பமில்லாத உடலுறவு, போனைப் பறித்து வைத்தல் இருக்கிற உறவில் சோடியாக இருந்து கதைக்கும் சிகிச்சை ஆபத்தானது. அறையில் அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டுக்குப் போனபின் கணக்குத் தீர்க்கப்படும். ஊரில் "சேர்த்து வைப்பது" பெரிய புண்ணியம் என்ற எண்ணம் உளவளத்துணைக்குள்ளும் இருக்கிறது. அதைச் செய்ய முயல்கிற யாரிடமும் இந்த நிலையில் போக வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைகளில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தலையிடி, வயிற்றுவலி என்று வைத்தியசாலைக்குப் போய், உள்ளே அந்த இடத்தைக் கேட்கலாம். வீட்டாருக்குச் சொல்ல ஒரு காரணமும் இருக்கும். 1938 பெண்களுக்கான அரசாங்கத் தொலைபேசி இலக்கம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தங்கள் பிள்ளை திருநங்கை அல்லது தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று தெரிந்து பெற்றோர் அடித்தால், அதுவும் வீட்டு வன்முறைதான்.

தொலைபேசியும் ஒன்லைனும்

1926 தேசிய உளநல நிறுவனத்தின் உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். 1333 இலவச உளவளத்துணை இலக்கம். இரவு தாங்க முடியாமல் போகும்போது இவை உயிர் காக்கும். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கக்கூடும் என்பதால் நீண்ட சிகிச்சைக்கு இவை ஆகாது. குறிகட்டுவானுக்கு வள்ளத்தில் வர வேண்டிய நெடுந்தீவுக்காரருக்கு, கிழமைக்கொரு தரம் யாழ் நகருக்கு வந்துபோவதைவிடத் தொலைபேசியில் தொடங்குவதுதான் நடக்கக்கூடியது.

ஒன்லைன் சிகிச்சையில் தூரம் போய்விடுகிறது, வாங்கும் போய்விடுகிறது. யாரைத் தெரிவு செய்வது என்பதில்தான் வித்தியாசங்கள். கொழும்பில் இருக்கும் மருத்துவ உளவியலாளருக்கு நம் நாட்டுச் சட்டமும் மருந்தும் வைத்தியசாலை முறையும் தெரியும், கட்டணம் ரூபாயில், தேவைப்பட்டால் ரயிலேறிப் போய் நேரிலும் காணலாம். ஆனால் அங்கே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். ஆங்கிலத்தில் நன்றாகக் கதைக்கிறவர்கூடத் தன் ஆசையையும் அவமானத்தையும் அம்மாவோடு கதைத்த மொழியில்தான் முழுதாகச் சொல்வார் என்பதை நான் நம்புகிறேன். 2004இலிருந்து கொழும்பில் இயங்கும் ஈக்வல் கிரவுண்ட் போன்ற பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கை, திருநம்பி போன்றவர்கள்) அமைப்புகளிடம் கேட்டால், தங்கள் ஆக்களை மதித்து நடத்தும் உளவியலாளர்களைச் சொல்வார்கள். நானாகத் தேடுவதைவிட அந்தப் பரிந்துரையை நம்புவேன்.

சென்னையில் தமிழும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது, 2021இல் மேலே சொன்ன உத்தரவு வந்தது. பால்புதுமையினரோடு வேலை செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் தமிழ் உளவியலாளர்களை இன்று அங்கே தேடிப் பிடிக்க முடிகிறது. ஓரினம் என்ற சென்னைக் குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தருகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். இந்திய ரூபாயை நம் காசாக்கினால் மூன்று மடங்குக்கு மேல் வரும். வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய வங்கி அட்டையும் வேண்டும். யாரும் உங்கள் ஊர்க்காரராக இருக்கமாட்டார் என்பது இதன் பெரிய ஆறுதல்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஈழத்தமிழ்ச் சிகிச்சையாளர் எல்லாவற்றிலும் பொருத்தமானவராகத் தெரிவார். நம் பேச்சு, நம் ஊர், ஸ்பொன்சர் கலியாணம், விசாவுக்குக் காத்திருக்கும் வருடங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கவனம் தேவை. ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் அங்கே உயிரோடு இருக்கின்றன. ரொறன்ரோவில் சொன்னது வாட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலத்தில் நல்லூருக்கு வந்துவிடும் என்ற பயம் வீணானதில்லை. உங்கள் ஊர், பாடசாலை, குடும்பத் தொடர்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் தொடர்பிருந்தால் தானாகவே விலகி இன்னொருவரைச் சொல்வார். ஒன்ராறியோவில் உளச்சிகிச்சையாளர்களுக்குச் சட்டப்படியான பதிவுக் கல்லூரி இருக்கிறது. பிரித்தானியாவில் பாலியல், உறவுச் சிகிச்சையாளர்களுக்கென்றே தனிக் கல்லூரி ஒன்று இருக்கிறது. பெயரை அவற்றின் பட்டியலில் சரிபார்க்கலாம். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குச் சிகிச்சை கொடுக்க அவர்களின் பதிவோ காப்புறுதியோ இடம் தராமலும் இருக்கலாம், அதையும் கேட்க வேண்டும். கட்டணம் டொலரிலும் பவுண்சிலும் என்பதால் இங்கே சம்பளம் எடுக்கும் ஒருவருக்குத் தாங்காது.

ஒரு சோடிக்கு மட்டும் நான் அங்கேயே போகச் சொல்வேன்: ஒருவர் கனடாவில், மற்றவர் இங்கே விசாவுக்குக் காத்திருக்கிறார் என்றால். அங்கே இருப்பவரின் மாகாணத்தில் பதிவுள்ள தமிழ்ச் சிகிச்சையாளரை அவர் தன் காசில், முடிந்தால் வேலைக் காப்புறுதியில், ஒழுங்குசெய்யலாம். இவர் வீடியோவில் சேர்ந்துகொள்ளலாம். நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், மாரியில் பத்தரை. ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்றால் இங்கே பின்னேரம், இருவருக்கும் தூக்கம் கெடாது. சேர்ந்து வாழத் தொடங்கமுன்னரே ஆசை, பயம், பிள்ளை, பழைய காதல், காசு எல்லாவற்றையும் மூன்றாமவர் ஒருவரின் முன் கதைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு விமான நிலையத்தில் சந்திப்பது அந்நியரை இல்லை.

ஒன்லைனின் இடர் உங்கள் வீடு. பல வீடுகளில் அறைக்குக் கதவிருந்தாலும் பூட்டினால் "ஏன் பூட்டினாய்?" என்று கேள்வி வரும். காதில் ஹெட்போன் போட்டால் உங்கள் பக்கப் பேச்சு மட்டும்தான் வெளியே கேட்கும். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வசனத்தை முதலே சிகிச்சையாளரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "சரி மிஸ், மிச்சப் பாடத்தை நாளைக்குப் பார்ப்பம்" என்றால் அவர் விளங்கிக்கொண்டு வைத்துவிடுவார். எழுத்தில் கதைக்க வசதி தருகிறவர்களும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்கா, போனுக்கு வரும் குறுஞ்செய்தியை வேறு யாரும் பார்ப்பார்களா என்பதையும் காசு கட்டமுன் யோசியுங்கள்.

முதல் அழைப்பில்

எந்த இடத்தைத் தெரிவு செய்தாலும் உங்கள் கதையைச் சொல்லத் தொடங்கமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். "பாலியல் சம்பந்தமான பிரச்சினையளோட வேலை செய்திருக்கிறீங்களோ? எங்க படிச்சனீங்கள்?" "நான் சொல்லுறது உங்களைத் தவிர வேற ஆருக்குத் தெரியவரும்? எழுதுற குறிப்பு எங்க இருக்கும்?" "ஒரு பெண்ணுக்குப் பெண்ணில விருப்பம் எண்டால் நீங்கள் அவவுக்கு என்ன சொல்லுவீங்கள்?" கடைசிக் கேள்வியை உங்களுக்குப் பாலீர்ப்புப் பிரச்சினை இல்லாவிட்டாலும் கேளுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவர், நாளைக்கு உங்கள் ஆசையைக் கேட்டும் முகம் சுளிக்கக்கூடும். "எனக்கு இதில அனுபவம் குறைவு, ஆனா தெரிஞ்ச ஒருவரிட்ட அனுப்புவன்" என்ற பதில் நல்ல பதில். இரகசியம் பற்றிக் கேட்டால், உயிருக்கு ஆபத்து, சிறுவர் துன்புறுத்தல் போன்ற சந்தர்ப்பங்களில் தான் வெளியே சொல்ல வேண்டிவரும் என்று முதலிலேயே சொல்கிறவரை நம்பலாம். "ஒண்டும் வெளியில போகாது" என்று மட்டும் சொல்கிறவர் யோசிக்காமல் சொல்கிறார்.

மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகும், எதை நோக்கிப் போகிறோம் என்று உங்கள் இருவருக்கும் தெரியவில்லை என்றால் அதை அவரிடமே கேளுங்கள். மாறுவதற்கு அனுமதி தேவையில்லை, காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ஒன்லைனில் ஒருவரைப் பிடித்துவிட்டோம் என்பதற்காக வைத்தியசாலைக் கிளினிக்கை நிறுத்தவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தே போகலாம். நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பெயரைக் கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒன்லைன் சிகிச்சையாளருக்கு எழுதி அனுப்புங்கள். கிளினிக் வைத்தியரிடம், "வேற ஒரு இடத்தில கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னால் போதும். எதைப் பற்றி என்று அவர் கேட்டால், சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.